வண்டியின் முனகலுக்குச் செவி சாய்ப்போம்



மருந்தை முதலில் குடித்துவிட்டு நோயைப் பிறகு தேடுபவனை நாம் அறிவுடையவன் என்போமா? என்னமாட்டோம். ஆயினும் வண்டி என்று வரும்பொழுது நம்மில் பலர் செய்வது அதுவேயாகும். திரும்பும்போது முன்சக்கரத்தருகே 'கடக்' என்று ஓர் ஒலி. உடனே பட்டறைக்கு ஓட்டம். "சத்தம் வருகிறது" என்று இரண்டே சொல். ஷாக் அப்சார்பர் மாறுகிறது, பணப்பை மெலிகிறது, மறுநாள் அதே 'கடக்'! பழியோ பட்டறைக்காரர் தலைமீது. ஒலி எப்பொழுது எழுகிறது, எங்கே பிறக்கிறது என்று காணாமல் எந்தப் பாகத்தையும் மாற்றலாகாது என்பதே என் துணிபு.

இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. மைசூர் வட்டங்களின் நகரம். கே. ஆர். வட்டத்தையும் சாமராஜ வட்டத்தையும் சுற்றாமல் நமக்கு நாள் கழிவதில்லை. பொங்கலுக்கு ஊர் திரும்பும்போதோ, சாமராஜநகர் வழியே சத்தியமங்கலம் இறங்குவோர் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே உதகை ஏறுவோர்க்கு 36 வளைவுகள். நால்வர் ஐவர் கூடிச் செல்லும் பழைய கார் ஒவ்வொரு வளைவிலும் தன் பாரத்தையெல்லாம் ஒருபுறச் சக்கரங்களின்மேல் சாய்க்கிறது. சமநிலத்தில் முனகிய பாகம் அங்கே முறிந்தால் என்னாகும்?

திரும்பும்போது மட்டும் ஒலி எழுவானேன்? இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இருப்பது, 1940-களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த ஸ்ட்ரட் அமைப்பு. 1983-இல் வெளிவந்த மாருதி 800 இதை நம் நாட்டின் வீதிதோறும் கொணர்ந்தது. இதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே திரும்பும். மேலே ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங், கீழே லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட், பக்கத்தில் டை ராடின் முனை ஆகிய மூன்றும் அசைந்து கொடுத்தாக வேண்டும். தேய்ந்தது எதுவோ அது குரல் கொடுக்கும்.

ஒவ்வொன்றின் குரலும் வேறு. வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முறுகலும், பிறகு 'டொங்' என்ற துள்ளலும் கேட்டால், ஸ்ட்ரட் மவுண்டை ஐயுறுக. பேரிங் இறுகியதால் ஸ்பிரிங் முறுக்கேறி விடுபடுகிறது. மெல்ல ஓட்டி முழுவதும் வளைக்கையில் 'டக் டக்' எனத் தொடர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வெளிப்புறச் சி.வி. ஜாயிண்ட், அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பார்க்க. மேடுபள்ளத்திலும் வளைவிலும் 'தடக்' என்றால் பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றைப் பார்க்க. இரைச்சல் இடப்பக்கம் திரும்புகையில் மிகுந்தால் வலச்சக்கர பேரிங்கை முதலில் சோதிக்க. பாரம் அங்கேதான் சாய்கிறது.

சோதனைக்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. முதலில் சக்கர நட்டுகள் இறுக்கமா, பின்பெட்டியில் ஜாக்கி உருள்கிறதா என்று பார்க்க. இதற்குக் காசு செலவில்லை. பிறகு சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே புகுவது தற்கொலைக்கு ஒப்பாகும். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் பேரிங்கில். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் தேடுக. இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தளர்ச்சி தெரிந்தால் டை ராடை நோக்குக.

இவற்றுள் புஷ்ஷின் முனகல் சில நாள் பொறுக்கும். பால் ஜாயிண்டும் டை ராடும் பொறுக்கா. அவை கழன்றால் சக்கரம் நம் சொல் கேளாது. அவற்றில் ஆட்டம் கண்ட வண்டி மலைப்பாதையில் கால் வைக்கலாகாது. ரப்பர் புஷ்ஷில் எஞ்சின் எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும் தவறு. எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், சான்று சொல்லும் வாயையும் அடைக்கும். புதிய புஷ் பொருத்தினால் அதன் போல்ட்டை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே முடிவாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். டை ராடு மாற்றினால் வீல் அலைன்மெண்டும் பார்த்தாக வேண்டும்.

"நாங்கள் வரலாறு பயில்பவர்கள், இதெல்லாம் மெக்கானிக்கின் வேலையன்றோ?" எனச் சிலர் வினவலாம். பழுது பார்ப்பது அவர் வேலைதான். பழுதைச் சொல்வது நம் வேலை. வயிற்றுவலிக்காரன் எங்கே வலிக்கிறது, எப்பொழுது வலிக்கிறது என்று சொல்லாவிட்டால் மருத்துவர் என் செய்வார்? கைதேர்ந்த மெக்கானிக் நம்மிடம் கேட்பதும் இவற்றைத்தான்: நிற்கும்போதா, ஓடும்போதா? எந்தப் பக்கம் திரும்பினால்? பிரேக் பிடித்தால் மாறுகிறதா? இம்மூன்றுக்கும் விடையோடு செல்பவனுக்கு அவர் நேரமும் மிஞ்சும், இவன் பணமும் மிஞ்சும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதன் தேய்மானத்தைக் கண்ணாற் காண்பதும் நம் உரிமையாகும். பொறியியல் பயிலும் நண்பர்களுக்கோ அது ஏட்டில் கிடைக்காத பாடம்.

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்கு முந்திய ஞாயிறன்று, ஊர் செல்லும் மாணவர்களின் வண்டிகளை ஓரிடத்தில் கூட்டுவோம். பொறியியல் மாணவர் டயரை ஆட்டட்டும். கலை மாணவர் பிரேக்கை மிதிக்கட்டும். அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, அவர் தீர்ப்பைக் கேட்போம். பட்டிமன்றத்திற்கும் பாட்டுக்கும் ஒதுக்கும் நாள்களில் ஒரு நாளை இதற்கும் ஒதுக்குவதால் தமிழ் குறைந்துவிடாது. நம்மை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பெற்றோர்க்கு, நாம் நலமாய் வந்து இறங்குவதைவிட இனிய பொங்கற் பரிசு வேறென்ன?