பாட்டியின் றங்குப் பெட்டி

"குப்பை சேர்ப்பதுதான் எங்கள் அப்பாயிக்குப் பொழுதுபோக்கு" என்று சொல்லிச் சிரித்தார், கண்டி நகரில் கணக்காளராகப் பணியாற்றும் அன்பர் ஒருவர். குண்டசாலையில் புதுமனை கட்டியிருக்கிறார். ஹந்தானை மலைச்சரிவில், லயத்துக் காம்பராவில் தனித்திருக்கும் அப்பாயியை அங்கே அழைத்துக்கொள்ள அவருக்குப் பூரண சம்மதம். அம்மூதாட்டியின் றங்குப் பெட்டிக்கு மட்டும் மாடிவீட்டில் இடமில்லையாம்! நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிறருடைய பழஞ் சீட்டுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர், தம் குடும்பத்தின் மூலக் கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறதென்பதை அறியாதிருக்கிறாரே!

மலையகத்துப் பாட்டன் பாட்டிமார் கடதாசி சேர்த்தது பொழுது போகாமலா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டில் பிறந்தவனை நிறுத்தி, "உன் தகப்பன் எங்கே பிறந்தான்?" என்று கேட்டது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. திண்ணையிலே கதையாகக் கேட்க வேண்டிய பாட்டன் பெயரைக் கச்சேரியிலே சாட்சியோடு மெய்ப்பிக்க வேண்டிய காலம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மற்றையோர் பத்தாண்டும் இடையறாது இங்கு வசித்ததைக் காட்டுக என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேர்!

அதன்பின் 1964 அக்டோபர் 30 வந்தது. சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று, பட்டியிலுள்ள ஆடுகளைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டார்கள். அந்த மிகுதியையும் 1974இல் சரிபாதியாக வெட்டினார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை தந்தபோதும், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தவரும் அவர்தம் சந்ததியாருமே அதற்கு உரியவர் என்றது. இத்தகைய நாட்டில் ஒரு கிழவி துண்டுக் கடதாசியையும் எறியாமல் வைத்திருந்தால் அதைப் பைத்தியம் என்பதா, புத்தி என்பதா?

அன்பரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் ஹந்தானைக்குப் போனோம். அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. எனினும் ஒவ்வொரு தாளையும் மடிப்பைக் கொண்டும் கறையைக் கொண்டும் அறிந்து வைத்திருக்கிறார். நான்காய் மடித்தது மகனுடைய பிறப்புச் சாட்சிப்பத்திரம்; எண்ணெய் பட்டது அரிசிக் கூப்பன் புத்தகம்; நீல நிறத்தவை கோத்தகிரிக்குப் போய்விட்ட தங்கை எழுதியவை. அடியில் ஒரு சிறு தகரத் துண்டு. மாமனாரின் தந்தை மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கழுத்தில் கட்டிவிட்ட தோட்ட அடையாளம் அது. பேரன் அதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அவருக்கு வயது நாற்பத்தொன்று!

அந்த நீலக் கடிதங்களை நம் கையில் தந்தால் நமக்கு அவை வெறும் கடிதங்கள். தங்கை புறப்பட்ட அன்று கண்டி ஸ்டேசனில் யார் மயங்கி விழுந்தார், எந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தார், ஏன் இருந்தார் என்பனவெல்லாம் தாளில் இல்லை; அப்பாயியிடத்தில் இருக்கின்றன. பெட்டியை வாங்கிக்கொண்டு பாட்டியின் பேச்சை விட்டுவிட்டால் எஞ்சுவது ஊமைக் கடதாசிகளே. தீபாவளிக்குப் புடவையும் மாதம் ஒருமுறை மருந்தும் கொடுத்துவிட்டு, கார் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் திரும்பிவிடும் பேரப்பிள்ளைகளை நாம் அறிவோம். குறை கூறுவது எளிது. லயத்தில் பிறந்ததை அலுவலகத்தில் சொல்லக் கூசும்படி இந்தச் சமூகம் அவர்களைப் பழக்கிவிட்டது என்பதையும் மறக்கவில்லை. ஆயினும் கூச்சத்தின் விலையைக் கிழவியா கொடுப்பது?

அதே ஹந்தானையில், 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் துரையின் நினைவுப் பொருள்களை அங்கே காணலாம். நல்லதே. கொழுந்து பறித்தவளின் பொருள்களைக் காணவோ கம்பளைக்குப் போக வேண்டும். அங்கே பழைய பீக்கொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்றை அமைத்தது. 1977, 1983 கலவரங்களில் வீட்டோடு பெட்டியும் எரியக் கொடுத்த குடும்பங்கள் பல. 2025 நவம்பரில் வந்த புயலும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் எத்தனை வீடுகளை விழுங்கின! தப்பிய பெட்டிகளுக்கு இத்தகைய புகலிடம் ஒன்று போதுமா?

உத்தியோகத்தரைப் பற்றியே பேசிவிட்டோம். மண்ணை நம்பியவருக்கும் ஒரு சொல். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் சோளக்கதிரும், சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்த அவரை விதையும் உங்கள் தாத்தாவின் சேகரம் அன்றோ? எந்த விதை எந்த மழைக்கு முன் ஊன்ற வேண்டியது என்று போத்தலில் எழுதியிருக்காது. காமன் கூத்துக்குத் தப்படிக்கும் முறையும் அப்படியே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் கேட்டு எழுதியதால்தான் நம் மக்கள் பாடல்கள் 1983இல் நூலாயின. பாடியவர் ஒருவர், பக்கத்தில் இருந்து கேட்டவர் ஒருவர். வேறு மாயம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியதும் பெரிதன்று. தாள்களைப் படமெடுங்கள், பழந்தாளைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி உருக்கிக் கெடுக்காதீர்கள், கைத்தொலைபேசியில் பாட்டியின் குரலைப் பதிந்து, தாளுக்கு எண்ணிட்டு, குரலுக்கும் அதே எண்ணை இடுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். அன்று நாம் பார்த்தது ஏழு தாள். மாலைவரை ஆயிற்று.

பெட்டி இப்போது குண்டசாலையில், மாடிப்படியின் கீழே இருக்கிறது. திறவுகோலை மட்டும் அப்பாயி இன்னும் எவரிடமும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, திறக்கிறேன் என்கிறாராம்.