சக்கரம் பெருத்தால் பிரேக் போதுமா?

சுள்ளிக்கல்லில் சற்று நேரம் நின்றால் போதும். கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரம் மாட்டிய கார்கள் கண்ணில் படும். வண்டிக்கு மிடுக்கு வருவது உண்மைதான். ஆனால் அந்த வண்டியை நிறுத்த வேண்டிய பிரேக்கைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

கணக்கு எளியது. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுப்பகுதியில்; வண்டியை நிறுத்தும் விசை பிறப்பதோ டயர் சாலையைத் தொடும் இடத்தில். இடையிலுள்ள தூரம் கூடினால், அதே மிதிக்குக் கிடைக்கும் நிறுத்து விசை குறையும். 620 மில்லிமீட்டர் உயர டயர் இருந்த இடத்தில் 680 மில்லிமீட்டர் டயர் போட்டால் குறைவு சுமார் 9 சதவீதம். அதோடு, மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஆனி மழையில் தோப்பும்படிப் பாலம் இறங்கும்போது, முன்னால் போகும் ஆட்டோ சட்டென்று நின்றால் இந்தக் கணக்கு புரியும்.

பெரிய டிஸ்க் போட்டால் சரியாகாதா? ஆகலாம். ஆனால் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி வால்வீசிச் சுழலும். இது பார்வைக்குச் செய்யும் வேலை அல்ல. அளந்து செய்ய வேண்டிய வேலை.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதம் உரிமையாளருக்கு, விபத்து நேர்ந்தால் முதலில் பிடிபடுவது டிரைவர். பிழைக்க வந்த ஊரில் லைசென்ஸ்தான் அவர் சொத்து. ஆகவே, முதலாளி வண்டியை ஓட்டும் நம்மவர்கள் சக்கரம் மாறியிருக்கக் கண்டால், கதவோரத்தில் ஒட்டியுள்ள டயர் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டைத் துணிந்து சொல்ல வேண்டும். பழைய கார் வாங்கும் குமாஸ்தா நண்பர்களும் அவ்வாறே பார்க்க வேண்டும். சக்கரம் மாட்டித் தரும் கடைக்காரரும், 'பிரேக் தாங்குமா?' என்று கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும்.

கம்பெனி அனுமதித்த அளவே போதும். ஓட்டம் நின்றும் பார்க்க வேண்டும் அல்லவா?