முட்டவில்லை என்றால் போதுமா?

சென்ற கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. எமது வண்டியின் வேலை முடியும்வரை பொழுதுபோக வேண்டுமே! அங்கே பழைய பத்திரிகைத் தாளொன்றின்மேல் நான்கு வால்வுகள் கிடந்தன. நான்கும் கழுத்து வளைந்தவை. பக்கத்திலிருந்த பிஸ்டன்களின் தலையில், நகத்தால் கீறியதுபோன்ற பிறைவடிவத் தழும்புகள். அவற்றைப் பார்த்தபடி ஓர் இளைஞர் பேச்சின்றி நின்றார். வெள்ளவத்தையைச் சேர்ந்த மாணவர் அவர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

கதை இதுதான். தந்தையார் வைத்திருந்த பழைய ஜப்பானியக் காரைச் சற்று வேகங்கொண்டதாக மாற்றி, நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் என்றாவது ஒருநாள் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது தம்பியின் ஆசை. இரண்டாண்டு பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வால்வுகளை உயரத் தூக்கும் காம் தண்டு ஒன்றை வாங்கினார். சிலிண்டர் ஹெட்டையும் சிறிது சீவுவித்தார். வேறொரு பட்டறையில் எஞ்சின் பூட்டப்பட்டது. கையால் சுற்றிப் பார்த்தார்கள், எங்கும் முட்டவில்லை. வாசலில் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள், வீதியில் வேகத்தைக் கூட்டியபோது ஒரு சத்தம். அத்துடன் எல்லாம் முடிந்தது.

"கையால் சுற்றும்போது முட்டவில்லையே, பாஸ்?" என்று தம்பி கேட்டார்.

பட்டறைக்காரப் பெரியவர் சிரித்தார். "தம்பி, முட்டவில்லை என்பது வேறு, போதிய இடைவெளி இருக்கிறது என்பது வேறு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. மாணவ நேயர்களுக்காக அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் காம் தண்டு ஒருமுறை சுழலும். எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு பிஸ்டன் உச்சிக்கு வரும் வேளையில், புகைவால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது; உள்வால்வோ திறக்கத் தொடங்கியிருக்கும். அந்த ஒரு கணத்தில் இரு வால்வுகளும் பிஸ்டனை நோக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சாதாரண எஞ்சினை அமைத்தவர்கள் இதற்குத் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். ஹெட்டைச் சீவினால் அந்த இடம் குறையும். வால்வை அதிக நேரமும் அதிக உயரமும் திறக்கும் காம் தண்டைப் பூட்டினால் மேலும் குறையும்.

நிற்கும் எஞ்சினில் எஞ்சியிருக்கும் மயிரிழை இடைவெளி ஓடும் எஞ்சினில் இராது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனில் 50 தடவை திறந்து மூடவேண்டும். அந்த வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் தண்டு சிறிது நீளும். வெப்பத்தில் உலோகங்கள் விரியும். வால்வின் சுருள்வில் காலந்தாழ்த்தும். உள்வால்வு பிஸ்டனைத் துரத்திச் செல்வது; அது பிந்தினால் பெரும்பாலும் தப்பும். புகைவால்வையோ பிஸ்டனே துரத்திவருகிறது. மூடுவதற்குச் சற்றுப் பிந்தினாலும் மோதல்தான். எனவேதான் உள்வால்வுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றரும், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 80 பங்கும், புகைவால்வுக்கு 2.5 மில்லிமீற்றரும், அதாவது ஆயிரத்தில் 100 பங்கும், குறைந்தபட்ச இடைவெளியாகப் பொதுவில் கொள்ளப்படுகின்றன. காம் தண்டைச் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

இதனை அளப்பது எப்படி? பெரியவர் தமது பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணை எடுத்துக் காட்டினார்! பிஸ்டன் தலையில் வால்வுகள் வரும் இடத்தில் அந்தக் களிமண்ணைப் பட்டையாக ஒட்டவேண்டும். வால்வின் முகத்தில் சிறிது எண்ணெய் தடவினால் களிமண் அதில் ஒட்டாது. முன்பே நசுங்கிய பழைய கஸ்கெட்டை வைத்து, ஹெட்டை உரிய இறுக்கத்தில் பூட்டி, காம் தண்டின் குறிகளைச் சரிபார்த்து, வால்வு இடைவெளியையும் சீராக்கவேண்டும். பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் தண்டைக் கையால் மெதுவாக, அது ஓடும் திசையிலேயே, முழுதாக இருமுறை சுற்றவேண்டும். எங்கேனும் தடைபட்டால் பலங்கொண்டு சுற்றலாகாது, அங்கேயே நிறுத்தவேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. ஹெட்டைக் கழற்றி, களிமண்ணில் மிக மெலிந்த இடத்தைக் கத்தியால் வெட்டி, அதன் தடிப்பை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். வால்வின் விளிம்புக்கும் பிஸ்டனில் வெட்டப்பட்ட பள்ளத்தின் பக்கத்துக்கும் இடையிலும் ஒன்றரை மில்லிமீற்றரளவு வெளி இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெயால் இயங்கும் தட்டுத்தாங்கிகள் உள்ள எஞ்சினில் இம்முறை ஏமாற்றிவிடும்; அவை அமுங்கி, வால்வு குறைவாகத் திறந்து, இடைவெளி அதிகமெனக் காட்டும். அங்கே சோதனைக்காகத் திண்மமான தாங்கிகளைப் பொருத்தவேண்டும். இன்னும் நுட்பம் வேண்டுவோர் மெல்லிய சுருள்வில்களை இட்டு, டயல் கேஜை வைத்து, உச்சிக்கு முன்னும் பின்னும் 20 பாகைவரை சிறுகச் சிறுகச் சுற்றி, வால்வை விரலால் அழுத்திப் பார்ப்பர். புகைவால்வு உச்சிக்கு 10 முதல் 15 பாகை முன்னும், உள்வால்வு அதேயளவு பின்னும் பிஸ்டனை மிக நெருங்குவது வழக்கம்.

இடைவெளி போதாவிடில் பிஸ்டனின் பள்ளத்தை ஆழமாக்கலாம். ஆனால் தலையின் தடிப்பை அளந்த பின்னரே. தடித்த கஸ்கெட் இடலாம். காம் தண்டின் நேரத்தைச் சிறிது மாற்றலாம். எனினும் முன்தள்ளினால் உள்வால்வும், பின்தள்ளினால் புகைவால்வும் நெருங்கிவிடும் என்பதை மறக்கலாகாது. எதை மாற்றினாலும் மறுபடி அளக்கவேண்டும்.

'எமது கார் கடைக்கும் கோவிலுக்கும் போவது; எமக்கேன் இந்தக் கதை?' என்று தாய்மார் கேட்கக்கூடும். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் இதே மோதல்தான் நிகழும். காருடன் வந்த கைநூலில் எத்தனை கிலோமீற்றருக்கு அதனை மாற்றவேண்டும் என எழுதியிருக்கும். அதனை இன்றே ஒருமுறை பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டும் பழைய எஞ்சின்களைப் பேணிக்காத்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

நாம் புறப்படும்போது, தம்பி பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய வால்வுகள் கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னார். "வாங்கிவா. ஆனால் இம்முறை களிமண்ணை நீயே ஒட்டவேண்டும், நீயே அளக்கவேண்டும்" என்றார் பெரியவர். தம்பியின் முகம் அப்போதுதான் சற்றே மலர்ந்தது.

பரீட்சையாயினும் கடனாயினும் குடும்பச் செலவாயினும், 'இதுவரை முட்டவில்லை' என்று நாமும் எத்தனை தடவை ஆறுதல் கொள்கிறோம்! வேகம் கூடும் நாளில்தான் இடைவெளியின் அருமை தெரிகிறது. அதற்கு முன்னரே அளந்து பார்ப்பவன் புத்திசாலி.