அவசர மருத்துவர் சங்கமும் மலைநாட்டுத் தமிழரும்

வைத்தியர்கள் சங்கம் அமைப்பது சம்பளத்துக்கும் சலுகைக்குமே என ஏளனஞ் செய்வோர் நம்மிடையே உளர். அவசர மருத்துவத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்டு வைத்தியர்கள் கூடித் தமக்கெனக் கல்லூரியொன்றை நிறுவினர். (கல்லூரி என்பது இங்கே பாடசாலையன்று, நிபுணர் சங்கம்.) அவர்தம் துறை அங்கே தனித்துறையாக ஏற்கப்பட்டது 1979இலேதான். நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்பின் பயிற்சி இந்நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்திலேயே பிறந்தது. இன்று இலங்கை அவசர மருத்துவர் கல்லூரியும் உண்டு. அதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயின், அக்கல்லூரியிடம் நாம் கேட்பதொன்றுண்டு. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணைக் குளவிக் கூட்டம் கொட்டுகிறது. ஒவ்வாமை கடுமையானால் தொண்டை அடைக்கும். இரத்த அழுத்தம் வீழும். சில நிமிடங்களில் உயிரும் போகலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் ஏற்றும் ஓர் ஊசி, விலையுயர்ந்ததுமன்று. கண்டித் தேசிய வைத்தியசாலையில் எத்துணைத் திறமை வாய்ந்த நிபுணர் இருந்தென்ன, ஊசி நகரத்திலும் நோயாளி மலைச்சரிவிலும் இருந்தால்? இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் பரவியது பேருபகாரமே. எனினும் அம்புலன்ஸ் வந்து சேரும் வரையுள்ள நிமிடங்களே உயிரைத் தீர்மானிப்பவை.

அடுத்தது மொழி. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்குத் தருகிறது. நீதிமன்றத்தில் அதை எடுத்து நாம் வாதிடலாம். மூச்சு முட்டுபவள் வாதிடுவாளா? எப்போது கொட்டியது, முன்னரும் இவ்வாறு நேர்ந்ததா, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று அவளுக்கு விளங்கும் மொழியிற் கேட்டாகவேண்டும். மரக்கறித் தோட்டத்தில் கிருமிநாசினி தெளித்து மயங்கியவனின் மனைவி, போத்தலின் பெயரைச் சொன்னாலும் கேட்பவருக்கு விளங்கவேண்டும். சலுகை கேட்கிறார்கள் என்று இதனை ஒதுக்குவது அறியாமை. நாடி பார்ப்பதைப் போல இதுவும் நோயறியும் முறையே.

ஆகவே, அவசர சிகிச்சைப் பயிற்சியின் தராதரத்தில் தமிழறிவையும், தோட்ட வைத்திய உதவியாளர் ஒவ்வொருவருக்கும் அட்ரினலின் கையிருப்பையும் பயிற்சியையும் சேர்க்குமாறு கல்லூரி சுகாதார அமைச்சிடம் எழுத்து மூலம் கோரவேண்டும். நிபுணர் சொல்லுக்கு அமைச்சில் உள்ள மதிப்பு தோட்டத் தொழிலாளியின் சொல்லுக்கு இல்லை என்பது கசப்பான உண்மை. கண்டி மாவட்டத் தமிழ் வைத்தியர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் தோட்டத் தலைவர்களும் கல்லூரிக்கான மனுவிற் கையொப்பமிட முன்வரவேண்டும். மனுவை வரைந்து தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.