மனவொருமை

புத்தகத்தைத் திறந்தால் மனம் அதில் நிலைப்பதில்லை என்பது இக்கால மாணாக்கர் பலர் கூறுங் குறை. இதற்குப் பெரியோர் கூறும் விடையோ, மனத்தை அடக்குக என்பதே. நோய் உண்மை, மருந்து போதாது என்பது நம் கருத்து. மனவொருமை பெரும்பாலும் வேலையின் ஒழுங்கால் அமைவது. அவ்வொழுங்கை அமைக்குங் கடமை மாணாக்கருக்கு மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்துள்ள கல்லூரிக்கும் இல்லத்துக்கும் உண்டு. இதனை விளக்குதற்கு நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. நம் மதுரைக்கு அண்மையிலுள்ள கப்பலூர் வரை சென்றாற் போதும்.

திருப்பரங்குன்றம், திருநகர் வழியாகத் திருமங்கலம் நோக்கிச் செல்வோர் கப்பலூரைக் கடந்து செல்வர். நெடுஞ்சாலையும் சுங்கச்சாவடியும் தொழிற்பேட்டையும் ஒருங்கே அமைந்த அவ்வூரில், கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936ஆம் ஆண்டில் தொடங்கிய தியாகராசர் ஆலை உள்ளது. பருத்தி விளையும் கரிசல் நிலஞ் சூழ்ந்த இப்பகுதியில் நூற்புத் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை. நூற்பாலை எதனுள்ளும் புதிதாய்ப் புகுவோர் முதலில் உணர்வது அதன் பேரிரைச்சலேயாகும். அத்தகைய இரைச்சலினிடையே எட்டு மணி நேரம் கவனஞ் சிதறாது வேலை செய்வோர் பல்லாயிரவர் நம் நாட்டிலுள்ளனர். அஃது எங்ஙனம் இயல்கின்றது?

நூற்கும் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசையாய் நிற்கும். இக்காலத்து இயந்திரங்கள் சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள. ஒரு கதிர் நிமிஷத்திற்கு 15,000 சுற்றுக்கு மேலும் சுழலும். இவற்றைக் காப்பவரை ஆலையில் ‘சைடர்’ என்பர். எக்கதிரில் எப்பொழுது இழை அறுமென்று அவர் முன்னர் அறியார். அறுந்த இழையை இணைக்கும்வரை அக்கதிரில் நூல் விளையாது, பஞ்சு வீணாகும். இந்நிலையில், கண்ணிற் படும் ஒவ்வோர் அறுதலை நோக்கியும் இங்குமங்கும் ஓடுவாராயின், அவர் கால் ஓய்ந்துபோகும்; காணாது விட்டவையும் பெருகும். ஆதலின் வேலை பழகியவர் வரிசையின் ஒரு முனையினின்று மறு முனைக்கு முறையாய்ச் சுற்றி வருவார். வழியில் அறுந்தவற்றை இணைத்துக்கொண்டே செல்வார். தொலைவில் அறுந்த இழை தன் முறை வருமளவும் காத்திருக்கும். ஓடாமையே அவர் கவனத்தின் இரகசியம்.

இன்னும் ஒன்று நோக்கற்பாலது. இழைகள் அளவுக்கு மிஞ்சி அறுமாயின், நல்ல ஆலையில் அத்தொழிலாளியை மட்டுங் கடிந்து அமையார். பஞ்சின் தன்மை யாது, அறைக்காற்றில் ஈரம் போதுமா, இயந்திரத்தில் பழுதுண்டா என்று ஆராய்வர். ஒருவர் காக்கத்தக்க கதிர்களின் தொகைக்கும் வரம்பு உண்டென்று அறிவர். இழைக்குக் காட்டும் இந்நியாயத்தை நாம் மாணாக்கரின் மனத்துக்குக் காட்டுகின்றோமா என்பதே நம் வினா.

மனம் அடிக்கடி அறுவது இயல்பு. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1890இல் வெளியிட்ட உளநூலில் இதனை விளக்கியுள்ளார். முயன்று செலுத்துங் கவனம் ஒரே தொடர்ச்சியாய்ச் சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்றும், நீண்ட கவனமென்று நாம் கருதுவது விலகிய மனத்தை மீண்டும் மீண்டும் கொணர்ந்து சேர்ப்பதே என்றும் அவர் கூறினார். எனவே மனம் விலகிற்றென்று மாணாக்கர் தம்மை இகழ்ந்துகொள்ள வேண்டுவதில்லை. இழை அறுந்தது குற்றமன்று. இணையாது விடுதலே இழப்பு.

‘நாம் ஒரே காலத்தில் பல வேலை செய்ய வல்லோம், பாடமும் படிப்போம், செய்தியும் பார்ப்போம்’ என்பாரும் உளர். அவர் நம் நாட்டு அவதானிகளைச் சான்று காட்டக்கூடும். இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு வகை வினாக்களை ஏற்றுச் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். ஆயினும் அவதானம் என்னுஞ் சொல்லுக்கே கவனம் என்பது பொருள்; இலங்கைத் தமிழர் இன்றும் அப்பொருளில் அதனை வழங்குகின்றனர். வினாக்களை முறையே ஏற்று, ஒவ்வொன்றையும் நினைவில் உரிய இடத்தில் இருத்தி, உரிய வேளையில் மீட்டுரைப்பதே அக்கலை. பல்லாண்டுப் பயிற்சியாற் பெற்ற அவ்வொழுங்கிற்கும், மணியொலி கேட்டவுடன் கைப்பேசியை எடுக்கும் வழக்கத்திற்கும் உறவில்லை.

ஒரு வேலையை இடையில் விட்டு மற்றொன்றிற்குத் தாவுங்கால், மனத்தின் ஒரு பகுதி முன்னைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது. புதிய வேலை அதனாற் குன்றுகின்றது. சோஃபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர் 2009இல் இதனைச் சோதனைகளால் காட்டினார். விட்ட இடத்தையும், திரும்பி வந்து செய்ய வேண்டுவதையும் சுருக்கமாய்க் குறித்துவைத்துச் சென்றால் இக்கேடு குறையுமென்று 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் அவர் தெரிவித்துள்ளார். இது பொருட்செலவு சிறிதுமில்லாத உபாயம். படிக்குங்கால் அருகில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். இடையில் எழும் நினைவுகளை அதில் எழுதிவைக்கலாம்; அவையும் தம் முறை வருமளவும் காத்திருக்கும். எழ நேர்ந்தால் விட்ட இடத்தையும் அதிலேயே குறித்தல் நன்று.

ஓய்வின்றிப் படிப்பதே உழைப்பு என்பதும் பிழையான எண்ணம். இரண்டாம் உலகப் போரில் ராடார்த் திரையைக் காத்திருந்தவர்கள் நேரஞ் செல்லச் செல்லக் குறிகளைத் தவறவிட்டனர். இதன் காரணத்தை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த் என்பவர், கடிகாரமுள் போன்ற கருவியொன்றைச் சிலர் இரண்டு மணி நேரம் கவனிக்கச் செய்து, தம் முடிவை 1948இல் வெளியிட்டார். முதல் அரைமணிக்குப் பின்னரே கவனம் தளர்ந்தது. இடையிடையே ஓய்வு பெற்றவரிடம் அத்தளர்ச்சி காணப்படவில்லை. தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்திருப்போர் இதனைச் சிந்திப்பாராக.

நிற்க, இதுகாறும் மாணாக்கர் செய்யத்தக்கவற்றைக் கூறினோம். கல்லூரிகள் செய்யத்தக்கது யாது? இக்காலத்தில் வகுப்பு மாற்றம், கட்டணத் தவணை, ஒப்படைப்பு நாள் ஆகிய யாவும் கைப்பேசிக் குழுக்களின் வழியே எவ்வேளையிலும் வருகின்றன. ஓர் அறிவிப்பைக் காணத் தவறினால் இழப்பு மாணாக்கருக்கே. இங்ஙனம் கருவியை ஓயாது நோக்கியிருக்குமாறு ஏற்பாடு செய்து, பின்னர்க் கருவியை நோக்காதே என்று உபதேசித்தல் நியாயமாகாது. நாள்தோறும் குறித்த ஒரு வேளையில் மட்டும், மாலை 5 மணிக்கு எனக் கொள்வோம், அறிவிப்புகள் யாவும் வெளியாகுமென்று ஒரு கல்லூரி விதிக்குமாயின், மற்றைப் பொழுதெல்லாம் மாணாக்கருக்கு உரியதாகும். இச்சிறு விதி நூறு சொற்பொழிவுகளினும் மிகுந்த பயன் தருமென்று துணிந்து கூறுவோம்.

கைப்பேசியை அடியோடு விலக்குக என்பாருடன் நாம் உடன்படோம். விலைகொடுத்து நூல் வாங்க இயலாதவர்க்கு அதுவே நூலகம். மேலும், கப்பலூர் போன்ற தொழிலூர்களினின்றும் சுற்றுச் சிற்றூர்களினின்றும் வரும் மாணாக்கருட் சிலர், தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி கண்டவர். ஓரறையே வீடாய், அதனுள் சமையலும் தொலைக்காட்சியும் சிறுவர் விளையாட்டும் நிகழும்போது, அவர்க்கு மனத்தை அடக்குக என்பது வெறுஞ் சொல். அவர் வேண்டுவது இரவு 8 மணி வரையேனும் திறந்திருக்கும் ஒரு வாசிப்பறை, அதன் வாயிலிற் கைப்பேசியை வைத்துச் செல்ல ஒரு பேழை, வீடு திரும்ப ஒரு பேருந்து. இம்மூன்றும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு முன்னரே கிடைத்துள்ளன. ஏனையோர்க்கு அவற்றை அளிக்கவல்லது கல்லூரியே. பழைய மாணவர் தம் கல்லூரிக்கு யாது செய்வதென்று வினவுவாராயின், நாம் முதலிற் சுட்டுவது இவ்வாசிப்பறையையே.

மாணாக்கரே, வேளை குறித்துக்கொண்டு அமருங்கள். அறுந்த இழையை அமைதியாய் இணையுங்கள். அடுத்த இழைக்குச் செல்லுங்கள். ஆசிரியர்களும் நிர்வாகிகளும் அறையின் காற்றைச் சீர்ப்படுத்துவாராக. இருபாலாரும் தத்தங் கடமையைச் செய்யின், கல்வி என்னும் நூல் தடையின்றி நீளும்.