லேப்டாப்பில் வீணை, எர்ஹு, கேமலான்: 'சாம்பிள்' இசைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1986-ல் வெளிவந்த பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' பாடல், ஜப்பானியப் புல்லாங்குழலான ஷகுஹாச்சியின் ஒலியோடு தொடங்கும். காற்று சீறிக்கொண்டு வரும் அந்தச் சில விநாடிகளுக்காக எந்தக் குழல் கலைஞரும் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. 'எமுலேட்டர் 2' என்ற சாம்பிளர் கீபோர்டில் இருந்த ஒலிப்பதிவு அது. ஒரு கட்டையை அழுத்தினால் போதும். அதே கீபோர்டு வைத்திருந்த எல்லோரிடமும் அதே மூச்சு இருந்தது.

இன்று அந்த வசதி லேப்டாப்புக்குள் வந்துவிட்டது. பகலில் ஆபீஸ், இரவில் குறும்படத்துக்கோ பாட்காஸ்ட்டுக்கோ மொபைல் கேமுக்கோ பின்னணி இசை என்று இயங்கும் இளைஞர்கள் நிறைய. சீனத்து எர்ஹு முதல் பாலித் தீவின் கேமலான் வரை எல்லாமே டவுன்லோடு செய்யக் கிடைக்கிறது. தள்ளுபடி நேரத்தில் 'ஆசியாவின் ஐம்பது கருவிகள்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானாக கார்டை எடுக்கிறது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். முதல் சுரத்தை அழுத்தினால், "அட, அப்படியே இருக்கே!" என்று தோன்றும். நாலு சுரத்தைச் சேர்த்து ஒரு மெட்டு வாசித்ததும் ஏதோ இடிக்கும். ஏன்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சாம்பிள் கருவி என்பது என்ன?

கலைஞர் ஒருவர் ஸ்டூடியோவில் கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசிப்பார். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என ஒரே சுரம் பல அளவுகளில் பதிவாகும். ஒவ்வொரு அளவிலும் மூன்று, நான்கு முறை வாசித்து வைப்பார்கள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது, அழுத்திய வேகத்துக்கு ஏற்ற பதிவை மென்பொருள் எடுத்து ஒலிக்கும். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினால் வேறு வேறு பதிவுகள் மாறி மாறி வரும். இதற்கு 'ரவுண்ட் ராபின்' என்று பெயர். இது இல்லாத கருவியில் வேகமாகத் தட்டிப் பார்த்தால் மெஷின் கன் சுடுகிற மாதிரி கேட்கும்.

இந்த முறை பியானோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பியானோவில் சுத்தியல் தந்தியில் பட்டுவிட்டால், அந்தச் சுரத்தின் உயரத்தை வாசிப்பவர் மாற்ற முடியாது. ஆனால் ஆசியக் கருவிகள் பலவற்றில், சுரம் பிறந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

எங்கே இடிக்கிறது?

தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுரங்களை கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்தினால் தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கும். வீணைக் கலைஞர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்துத்தான் அந்த அசைவைக் கொண்டுவருகிறார். கிட்டத்தட்ட இதே சுரங்களைக் கொண்டு ஹிந்துஸ்தானியில் பைரவி பாடுகிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் நடை. தனித்தனிச் சுரங்களை மட்டும் பதிவுசெய்த லைப்ரரியில் இல்லாமல் போவதும் அந்த நடைதான்.

சீனத்துக் குஜெங்கின் கதை வேறு. இன்று பரவலாக வாசிக்கப்படும் குஜெங்கில் 21 தந்திகள். அவை ஐந்து சுரங்களில்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற சுரங்கள் வேண்டுமானால் குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை அழுத்தி வரவழைப்பார்கள். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் மேல் விரலை வழித்துவிட்டால் ஏழு சுரங்களும் விழும். குஜெங்கைப் பழகிய காது அங்கேயே கண்டுபிடித்துவிடும். கறுப்புக் கட்டைகள் மேல் மட்டும் வழித்தால் ஐந்து சுரம்தான் வரும். இந்தச் சின்ன விஷயம் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எர்ஹுவுக்கு ரெண்டே தந்தி. விரல்பலகையே கிடையாது. விரல் தந்தியில் வழுக்கிப் போவதுதான் அதன் பேச்சு.

கேமலான் வந்தால் சுருதியே வேறு. ஜாவாவிலும் பாலியிலும் ஒவ்வொரு கேமலான் தொகுதிக்கும் அதற்கென்று தனிச் சுருதி உண்டு. ஒன்றின் கருவியை இன்னொன்றில் மாற்றி வைத்து வாசிக்க மாட்டார்கள். பாலியில் இன்னும் ஒரு படி மேல். கருவிகள் ஜோடியாகச் செய்யப்படும். ஒன்றின் சுருதி மற்றொன்றைவிட வேண்டுமென்றே கொஞ்சம் ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி அலையலையாகத் துடிக்கும். 'ஒம்பாக்', அதாவது அலை என்றே அதற்குப் பெயர். இதைப் பியானோவின் 12 சுரத்துக்குள் 'திருத்தி'க் கொடுத்தால், கேமலானின் உயிரைத் துடைத்து எடுத்த மாதிரி.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சுரமா, சொற்றொடரா? சில லைப்ரரிகளில் கலைஞர் வாசித்த முழுச் சொற்றொடர்கள் இருக்கும். கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் அது அவர் போட்ட மெட்டு. வாங்கிய மற்றவர்களிடமும் அதே மெட்டு இருக்கும். சொந்த மெட்டு போட வேண்டுமானால் சுரம் சுரமாக வாசிக்கக்கூடிய லைப்ரரி வேண்டும்.

2. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழி பதிவாகியிருக்கிறதா? இதை 'லெகாட்டோ' என்று குறிப்பிடுவார்கள். உண்மையான வழுக்கலைப் பதிவு செய்ததா, மென்பொருள் ஒட்டுப்போட்டதா என்று பார்க்க வேண்டும். கூடவே 'பிட்ச் பெண்ட்' அளவையும் பார்க்கணும். பெரும்பாலும் மேலே ரெண்டு, கீழே ரெண்டு அரைச்சுரம் என்றுதான் அமைத்திருப்பார்கள். வீணையின் இழுப்புக்கு அது போதாது; மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

3. சுருதியை மாற்ற முடியுமா? கருவியின் சொந்தச் சுருதி, பியானோ சுருதி இரண்டுமே இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால், எது இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

4. வாசிக்கும் முறைகள் எத்தனை? ஷகுஹாச்சியில் தலையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் சுருதியை இறக்கி ஏற்றுவார்கள். மூச்சுக் காற்றையே ஒலியாக்குவார்கள். கொரியாவின் கயாகுமில் இடது கை தந்தியை அழுத்தி அதிரவைக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி உண்டு. அந்தக் கருவியின் அடையாளமான முறை பட்டியலில் இல்லையென்றால், எத்தனை ஜிபி இருந்தும் பயன் இல்லை.

5. எந்த மென்பொருளில் ஓடும்? பல லைப்ரரிகள் நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் 'கான்டாக்ட்' மென்பொருளுக்காகச் செய்யப்பட்டவை. சில அதன் இலவச பிளேயரிலேயே ஓடும். சிலவற்றுக்குக் காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் வேண்டும். விலை குறைவு என்று நினைத்து வாங்கி, கடைசியில் இரட்டைச் செலவாகிவிடுவது இங்கேதான். ஹார்டு டிஸ்க் இடத்தையும் ராமையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

என்னென்ன கிடைக்கின்றன?

ஈஸ்ட்வெஸ்ட்டின் 'சில்க்' சீனா, இந்தியா, பாரசீகக் கருவிகளை ஒன்றாகத் தருகிறது. நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் கிழக்காசியா, இந்தியா, பாலி கேமலான் எனத் தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. கொங் ஆடியோ சீனக் கருவிகளில் கவனம் செலுத்துகிறது; சோனிகா இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் கோட்டோ, ஷகுஹாச்சி, ஷாமிசென் போன்ற ஜப்பானியக் கருவிகளைத் தருகிறது. இந்தியக் கருவிகளுக்கு 'சுவர்பிளக்' உண்டு.

பொதுவாக, ஒரு கண்டத்தையே ஒரே பெட்டிக்குள் அடைக்கும் தொகுப்பைவிட ஒரே கருவியில் ஆழமாக இறங்கிய லைப்ரரிதான் கைகொடுக்கும். பெட்டியின் மேல் 'இந்தியா' என்று இருந்தாலும் உள்ளே சிதார், தபலா, பான்சுரி மட்டுமே இருக்கலாம். நாதஸ்வரம் வேண்டிய கல்யாணக் காட்சிக்கு ஷெனாயை வைத்துச் சமாளித்தால், தமிழ்நாட்டில் யார் காதும் அதை ஏற்காது. சீனக் கதைக்கு ஜப்பானியக் கோட்டோவைப் போடுவதும் இதே தவறுதான். நம் காதுக்கு உறைக்கவில்லை என்பதற்காக அங்கே உள்ளவர்களுக்கும் உறைக்காது என்று நினைப்பது சரியல்ல.

இன்னொரு கணக்கும் உதவும். தட்டும் கருவிகள் சாம்பிளில் ஓரளவு நன்றாக வரும். மீட்டும் கருவிகள் நடுத்தரம். ஊதும் கருவிகளும் வில் போட்டு வாசிக்கும் கருவிகளும் கஷ்டம். காசு குறைவாக இருந்தால் முதலில் தாளத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

டெமோவை எப்படிக் கேட்பது?

விளம்பர டெமோவில் பெரிய ஆர்கெஸ்ட்ரா, டிரம்ஸ், எதிரொலி எல்லாம் சேர்ந்து குறைகளை மூடிவிடும். அதை நம்பி வாங்கக் கூடாது. அந்தக் கருவி மட்டும் தனியாக, மெதுவாக, எதிரொலி இல்லாமல் ஒலிக்கும் பகுதியைத் தேடிக் கேட்க வேண்டும். பிறகு அதே கருவியை ஒரு தேர்ந்த கலைஞர் வாசிக்கும் கச்சேரியைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு என்று காதே சொல்லிவிடும். பெரும்பாலான லைப்ரரிகளை டவுன்லோடு செய்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

உரிமம் பற்றி...

பொதுவாக, காசு கொடுத்து வாங்கிய லைப்ரரியில் போட்ட இசைக்குத் தனியாக ராயல்டி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒலிகளையே வெட்டி எடுத்து இன்னொரு சாம்பிள் தொகுப்பாக விற்க அனுமதி இருக்காது. தயார்நிலைச் சொற்றொடர்களை அப்படியே போட்டால் யூடியூபில் சிக்கல் வரலாம். அதே சொற்றொடரைப் பயன்படுத்திய இன்னொருவரின் பாட்டோடு அது பொருந்திப்போய் காப்பிரைட் அறிவிப்பு வரக்கூடும். வாங்கிய ரசீதையும் உரிம ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் மறுப்பு தெரிவிக்க உதவும். இலவசமாகக் கிடைப்பவற்றில், வணிக வேலைக்குப் பயன்படுத்தலாமா என்ற ஒரு வரியையாவது படித்துவிட வேண்டும்.

அப்போ கலைஞர்கள்?

ஒலிப்பதிவுக்கு வந்த கலைஞர் சில நாள் வாசித்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய விரல் ஆயிரக்கணக்கான லேப்டாப்களில் வேலை செய்துகொண்டே இருக்கும். அவர் பெயர்கூடப் பல நேரங்களில் கேட்பவருக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், தெருவுக்கு ரெண்டு தள்ளி நாதஸ்வரமோ வீணையோ வாசிப்பவர் வேலைக்குக் காத்திருப்பார்.

இதற்காக சாம்பிளே வேண்டாம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு குறும்படத்துக்காக எர்ஹு கலைஞரைத் தேடிப் பிடிப்பது எல்லோராலும் ஆகிற காரியமா? கற்றுக்கொள்ள, மெட்டைக் கட்டிப் பார்க்க, இயக்குநருக்குப் போட்டுக் காட்ட, பின்னணியில் மெல்லிய நிறம் சேர்க்க சாம்பிள் அருமையான துணை. ஆனால் கருவி முன்னால் வந்து தனியாகப் பேசும் இடத்துக்கு மனிதர் வேண்டும். பட்ஜெட்டில் ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், அதை அந்த எட்டு வரி மெட்டுக்கு ஒதுக்கலாம். இன்று வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பும் கலைஞர்களும் இருக்கிறார்கள். வாசித்தவர் பெயரை டைட்டிலில் போடுவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

தொடங்குபவர்கள் ஐம்பது கருவிகளைத் தேட வேண்டாம். ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதன் கச்சேரிகளைக் கேட்பது, அடுத்து அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவது, லைப்ரரியைத் தேடுவது அதற்குப் பிறகு. இந்த வரிசையில் போனால், தள்ளுபடி விளம்பரம் கண்ணில் படும்போது எது தேவை, எது தேவையில்லை என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.