70 வளைவு தாண்டினால்தான் மலை!

"தலையும் புரியலை, வாலும் புரியலை. ஐம்பதாவது பக்கத்துலயே மூடி வெச்சுட்டேன் பாஸ்!"

பின்நவீனத்துவ நாவல் என்றதும் கேம்பஸில் கேட்கிற டயலாக் இது. கதை நேராகப் போகாது. ஹீரோ யாரென்றே தெரியாது. 'இந்த கேரக்டர்ல ஆழமே இல்லையே' என்று தோன்றும். ஆழம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ், அதைத் தேடுகிற இடம்தான் வேறு!

கொல்லிமலை குண்டனி நாட்டுப் பக்கமிருந்து படிக்க வந்தவரா நீங்கள்? உங்களுக்கு இது ரொம்ப ஈஸி. உங்கள் மலையின் கொல்லிப்பாவையையே எடுத்துக்குங்க. சங்கப் பாடல்களில் அவள் தெய்வம் செய்த பதுமை, காதலியின் அழகுக்கு உவமை. வழிவழியாக வரும் கதைகளில் சிரித்தே ஆளைக் கொல்கிறவள். இன்றைக்கு, எட்டுக்கை அம்மனாக இருப்பது அவள்தான் என்று நம்பிக் கும்பிடுகிறவர்கள் உண்டு.

இதில் எது நிஜப் பாவை? அந்தக் கேள்வியை விடுங்க. 'யார், எதற்காக அவளை இப்படிப் பார்த்தார்கள்?' என்று கேளுங்க. காதலனுக்கு அழகு தேவைப்பட்டது. மலையைக் காக்க பயம் தேவைப்பட்டது. கும்பிடுகிறவருக்குத் துணை. மூன்றும் சேர்ந்தால்தான் பாவை முழுசாகிறாள்.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) ஆடுவதும் இதே ஆட்டம்தான். மூன்று பாகம். முதல் பாகத்துக்கும் முந்தைய காலம் இரண்டாவதில் வரும், அழிவுக்காலம் மூன்றாவதில். காதல் பித்தேறி அலைகிற திருவடி, பிற்காலத்தில் ஆழ்வாராகிவிடுகிறார்! பித்தன் எப்படி ஆழ்வாரானான்? அந்த இடைவெளியில்தான் கேரக்டரின் ஆழம் இருக்கு. எஸ்.ராமகிருஷ்ணனின் 'உப பாண்டவம்' (2000) மகாபாரதத்தில் ஓரமாக நின்றவர்களைப் பேச வைக்கும். தெரிந்த கதையே அங்கே முகம் மாறும்.

படிக்க மூணு டிப்ஸ்:

1. முதல் தடவை புரியாத இடத்தில் நிற்காதீங்க. பென்சிலால் கோடு போட்டுட்டு நகருங்க.

2. ஒரு பெயர் திரும்ப வந்தால், இப்போது சொல்வது யார் என்று ஓரத்தில் குறிங்க.

3. அந்தக் குறிப்புகளோடு இரண்டாம் தடவை படிங்க. அப்பவும் புதுசா எதுவும் கிடைக்கலையா? தாராளமா மூடி வைங்க. புரியாத புத்தகமெல்லாம் உசத்தின்னு சட்டமா இருக்கு?

இதனால் என்ன லாபம்? ஹாஸ்டலில் ஒருத்தரைப் பற்றி ஒரே ஒரு கதை கேட்டதும், 'அவன் அப்படித்தான்' என்று முத்திரை குத்துகிறோமே... அந்தக் கை கொஞ்சம் தயங்கும்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ரோடு போட்டவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? மலை அப்படி. மனுஷங்களும்தான்!